விழுந்த சைக்கிளின் ஃபிரேமை வீட்டிலேயே பரிசோதிப்பது எப்படி? திருகோணமலைக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலையில் சைக்கிளால் விழுவதற்குக் காரணம் தேடி அலையத் தேவையில்லை. கடற்கரைப் பக்கத் திருப்பங்களில் காற்று கொண்டுவந்து கொட்டும் மணல் இருக்கிறது. இரவானால் கோட்டைப் பக்கத்து மான்கள் றோட்டுக்கு வரும், குச்சவெளிப் பாதையில் மாடுகள் படுத்துக் கிடக்கும். கச்சான் வீசும் மாதங்களில் கிண்ணியாப் பாலத்தில் ஏறினால் காற்று பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும். கோணேசர் கோயில் இறக்கத்தில் பிறேக் கட்டை தேய்ந்த சைக்கிளோடு இறங்குபவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

விழுந்தவர் எழும்பி முழங்காலைத் தடவுவார். முன்சில்லைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹாண்டிலைத் திருகி நேராக்குவார். கீறலைப் பார்த்து இரண்டு வார்த்தை திட்டிவிட்டு ஏறிப் போய்விடுவார். அந்தக் கீறல்தான் ஆளை ஏமாற்றுவது. கீறல் இருப்பது சைக்கிள் நிலத்தில் உரசிய இடம். ஃபிரேம் வளைவதோ வெடிப்பதோ பெரும்பாலும் அடியின் விசை போய்ச் சேர்ந்த இடத்தில், அதாவது குழாய்கள் ஒன்றோடொன்று பொருந்தும் மூட்டுகளுக்குப் பக்கத்தில். அங்கே பெயின்ற் பளபளவென்றே இருக்கலாம். ஆகவே கீழே வரும் வழிமுறை கீறலைத் தேடிப் போகாது, விசை போன வழியைத் தேடிப் போகும்.

பாகங்களின் பெயர் கடைக்குக் கடை மாறுவதால் இங்கே இப்படி வைத்துக்கொள்வோம். ஹாண்டில் தண்டு இறங்கும் முன்பக்கக் குட்டைக் குழாய் கழுத்து. அங்கிருந்து சீற்றுக்குப் போவது மேல்பார். கழுத்திலிருந்து பெடலுக்குச் சரிந்து இறங்குவது சாய்பார். பெடல் அச்சு இருக்கும் உருளை பி.பி. கூடு. அங்கிருந்து பின்சில்லின் அச்சுக்குப் போகும் இரண்டு மெல்லிய குழாய்கள் அடிக்கால்கள், சீற்றுக்குக் கீழிருந்து அதே அச்சுக்கு இறங்கும் இரண்டும் மேற்கால்கள். சீற்றிலிருந்து பி.பி. கூட்டுக்கு இறங்குவது சீற் குழாய். கழுத்திலிருந்து இறங்கி முன்சில்லை இரண்டு காலால் பிடிப்பது ஃபோர்க்.

றோட்டோரத்தில் செய்ய வேண்டியது

முதலில் உங்கள் உடம்பைப் பாருங்கள். தலை அடிபட்டிருந்தால், தலை சுற்றினால், சத்தி வந்தால், சைக்கிளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஃபிரேம் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

உடம்பு சரியென்றால், ஏறுவதற்கு முன் முன்பக்கத்தைத் தூக்கிச் சில்லைச் சுற்றிவிடுங்கள். பிறகு பின்பக்கத்தையும் அப்படியே. ரிம் ஆடுகிறதா, ரயர் எங்கேயாவது உரசுகிறதா என்று பாருங்கள். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். எல்லா இடத்திலும் ஒரே இலகுவில் திரும்ப வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் இறுகினால் ஃபோர்க்கின் தண்டு உள்ளே வளைந்திருக்கக்கூடும். கடைசியாக முன்ரயருக்கும் சாய்பாருக்கும் இடையிலுள்ள வெளியைப் பாருங்கள். முன்பு கை விரல்கள் தாராளமாகப் போன இடத்தில் இப்போது போகாவிட்டால், அல்லது திருப்பத்தில் உங்கள் கால் நுனி புதிதாகச் சில்லில் பட்டால், ஃபோர்க்கோ கழுத்தோ பின்னால் போய்விட்டது. இனி ஓட வேண்டாம். நிலாவெளியிலிருந்து நகரத்துக்குத் தள்ளிக்கொண்டு வருவது கஷ்டம்தான், அதனால் ஒரு ஓட்டோ பிடித்து ஏற்றி வாருங்கள்.

கியர் சைக்கிள் வலப்பக்கமாக விழுந்திருந்தால் இன்னொரு எச்சரிக்கை உண்டு. வீடு வந்து சேரும்வரை பின்பக்கத்து ஆகப்பெரிய பற்சில்லுக்குக் கியரை மாற்றாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

கழுவுங்கள், காந்தம் வையுங்கள்

அழுக்கின் மேல் வெடிப்பைத் தேடுவது வீண் வேலை. நல்ல தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், பழைய துணி போதும். கழுத்தின் அடிப்பக்கம், பி.பி. கூட்டின் கீழ்ப்பக்கம், ஸ்ராண்ட் பூட்டியிருக்கும் தகடு ஆகிய மூன்று இடங்களிலும் கிறீசும் மணலும் சேர்ந்து ஒரு படையாகிக் கிடக்கும். அதைச் சுரண்டி எடுங்கள். துடைத்துக் காயவிட்டு, வெயிலில் வைக்காமல் நிழலுக்குக் கொண்டுவாருங்கள். நேர் வெயிலில் கண் கூசி நுணுக்கமாக ஒன்றும் தெரியாது. அரை இருட்டில் டோர்ச்சைக் குழாயோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், சிறு மேடு பள்ளம்கூட நிழல் விழுத்திக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து ஒரு காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது போதும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம், அபூர்வமாகக் கார்பன். இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள். இரும்பு உடைவதற்கு முன் பெரும்பாலும் வளைந்து காட்டும், சிறு வளைவை நிமிர்த்தவும் இடம் தரும். அலுமினியம் அப்படி அவகாசம் தருவது குறைவு. வளைந்ததை நிமிர்த்தினால் அந்த இடத்திலேயே பலம் போய்விடும். நம் ஊரில் ஓடும் பழைய ராலே, ஹம்பர், சாதாரண லுமாலா வீட்டுச் சைக்கிள்கள் இரும்பு. மலைச்சைக்கிள் என்று விற்பவற்றில் இரண்டும் உண்டு, ஸ்ரிக்கரை நம்பாமல் காந்தத்தை நம்புங்கள்.

காந்தத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 2022 இல் பெற்றோல் வரிசை நீண்டபோது சைக்கிள் விலை எக்கச்சக்கமாக ஏறியது. கோடிக்குள் துருப்பிடித்துக் கிடந்த ஃபிரேம்களெல்லாம் பெயின்ற் அடித்துக்கொண்டு வெளியே வந்தன. அப்படி வாங்கிய இரும்புச் சைக்கிளில் காந்தத்தை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பிடி தளர்ந்தால், பெயின்றுக்கு அடியில் குழி நிரப்பும் புட்டிப் பசையை அப்பியிருக்கிறார்கள். அது நீங்கள் விழுவதற்கு முன்பே யாரோ விழுந்த இடம்.

எப்படி விழுந்தீர்கள்?

மாட்டிலோ மதிலிலோ முன்சில்லு நேராக மோதியிருந்தால் கழுத்தும் ஃபோர்க்கும்தான் முதல் சந்தேகம். பள்ளத்தில் விழுந்ததும் இதே வகைதான். மணலில் வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்திருந்தால் ஃபிரேம் தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். பெடல், ஹாண்டில், கியர் தொங்கும் துண்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விழும்போது ஹாண்டில் சுழன்று வந்து மேல்பாரில் அடித்து நசுக்குவதும் வழக்கம். பின்னால் சுமையோடு விழுந்தால் கதை வேறு. கரியரில் மீன் பெட்டியோ அரிசி மூட்டையோ இருந்தபோது விழுந்த சைக்கிளில், கரியர் பூட்டிய துளைகளையும் மேற்கால்களையும் விட்டுவிடாதீர்கள்.

கழுத்து

நேர் மோதலில் ஃபோர்க் ஒரு நெம்புகோலாக வேலை செய்து கழுத்தைத் திருகும். அந்தத் திருகலைத் தாங்குவது கழுத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பார்களும்தான். கண்ணால் பார்ப்பதற்கு முன் விரலால் பாருங்கள். சாய்பாரின் அடிப்பக்கத்தில் கழுத்திலிருந்து தொடங்கி ஒரு சாண் நீளத்துக்குப் பெருவிரலை மெதுவாக இழுத்துக்கொண்டு வாருங்கள். பிறகு மேல்பாரின் அடிப்பக்கத்திலும் அப்படியே. குடிக்கும் ஸ்ட்ரோவை வளைத்தால் உட்பக்கம் மடிவதுபோல, இங்கே குழாய் குறுக்காக மடிந்து ஒரு மெல்லிய மேடு எழும்பியிருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபோதும் விரலுக்குத் தட்டும். மேட்டின் மேல் பெயின்ற் வலைபோல மெல்லிய கோடுகளாக வெடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இப்படி மடிந்த ஃபிரேமுக்கு என் தீர்ப்பு ஒன்றுதான்: இனி அதில் ஓடக்கூடாது. இரும்பாக இருந்தாலும் சரி. இரண்டு மாதம் ஓடலாம், இரண்டு வருடமும் ஓடலாம், ஆனால் கழுத்து விட்டால் முகம்தான் முதலில் றோட்டில் படும்.

நசுங்கிய குழி வேறு, மடிப்பு வேறு. மேல்பாரின் நடுவில் ஹாண்டில் அடித்து உண்டான வட்டமான குழி, கூரான விளிம்பு இல்லாமல், மூட்டிலிருந்து தள்ளி இருந்தால், இரும்பில் பெரும்பாலும் அழகுக் குறைதான். அலுமினியத்தில் குழியின் விளிம்பு கூராக இருந்தால் அது பயப்பட வேண்டிய குழி.

வெடிப்பா, பெயின்ற் கோடா?

பலர் தடுமாறும் இடம் இதுதான். மூட்டுக்குப் பக்கத்தில் முடி அளவில் ஒரு கோடு தெரியும். பெயின்ற் மட்டும் பிளந்ததா, உலோகமும் பிளந்ததா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் சொல்ல முடியாது. இதற்குப் பட்டறைகளில் காலாகாலமாக இருந்துவரும் மண்ணெண்ணெய்ச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம்.

கோடு இருக்கும் இடத்தை மெல்லிய மணல் தாளால் தேய்த்து, பெயின்றை முழுதாக எடுத்து உலோகத்தை வெளியே கொண்டுவாருங்கள். பெயின்ற் மேலேயே செய்தால் பெயின்ற் வெடிப்பும் உலோக வெடிப்பும் ஒரே மாதிரித்தான் காட்டும். தேய்த்ததுமே கோடு மறைந்துவிட்டால் பாதிப் பயம் போய்விட்டது, ஆனாலும் சோதனையை முடித்துவிடுங்கள். மண்ணெண்ணெயை ஒரு துணியில் நனைத்து அந்த இடத்தில் சுற்றி, கால் மணி நேரம் விடுங்கள். துணியை எடுத்துவிட்டு, காய்ந்த துணியால் ஈரமே இல்லாமல் அழுத்தித் துடையுங்கள். பிறகு சோக்கட்டியை நன்றாகப் பொடியாக்கி, அந்த இடம் முழுதும் வெள்ளையாகும்படி மெல்லியதாகத் தூவித் தடவுங்கள். பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால், உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியேறி, வெள்ளைக்கு நடுவில் நனைந்த கோடாகத் தெரியும். முதலில் ஒரு புள்ளி, அது நீண்டு கோடாகும். சரியாகத் துடைக்காவிட்டால் முழுவதும் திட்டுத்திட்டாக நனையும். அப்படியானால் முதலிலிருந்து தொடங்குங்கள். அடுப்புக்கும் பீடிக்கும் தூரமாக, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இது மேற்பரப்புவரை வந்த வெடிப்பைத்தான் காட்டும், உலோகத்துக்கு மட்டும்தான் பொருந்தும். கார்பன் ஃபிரேமுக்கு இது சரிவராது. கார்பனில் நாணயத்தால் வரிசையாகத் தட்டிக் கேட்கலாம். கூரான ‘டிக்’ சத்தம் ஓரிடத்தில் மந்தமாகிவிட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஆனால் சத்தம் நன்றாக இருப்பதை வைத்து ஃபிரேம் நன்றாக இருக்கிறது என்று முடிவெடுக்க முடியாது. கார்பன் ஃபிரேமோடு பலமாக விழுந்தால் அதைத் தெரிந்தவரிடம் காட்டும்வரை ஏறாதீர்கள்.

தேட வேண்டிய இடங்கள்: கழுத்தின் இரண்டு மூட்டுகள், பி.பி. கூட்டைச் சுற்றி, சீற் குழாயின் மேல் வாய், பின் அச்சு பொருந்தும் தகடுகள். ஸ்ராண்டை இறுக்கிப் பூட்டிய இடத்தில் அடிக்கால்கள் நசுங்கியிருப்பதும் உண்டு. ஸ்ராண்டைக் கழற்றாமல் அது தெரியாது.

முன்ஃபோர்க்

சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நீளமான அடிமட்டத்தைக் கழுத்தோடு ஒட்டிப் பிடித்து, அதன் நேர்கோடு ஃபோர்க்கின் மேற்பாதியில் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். பழைய வீட்டுச் சைக்கிளில் ஃபோர்க் கால்கள் மேல்பாதியில் கழுத்தின் நேர்கோட்டிலேயே இறங்கி, கீழே போய் முன்னோக்கி வளையும். சில புதிய ஃபோர்க்குகள் மேலிருந்தே முன்னோக்கிச் சரிந்திருக்கும். எந்த வகையிலும் கோடு பின்னோக்கி முறியக்கூடாது. முறிந்தால் ஃபோர்க் போய்விட்டது.

இனி முன்னால் வந்து பாருங்கள். சில்லு இரண்டு கால்களுக்கும் நடுவில் நிற்கிறதா? ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் குற்றம் ஃபோர்க்கிலா சில்லிலா என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. சில்லைக் கழற்றி, இடவலம் மாற்றிப் போடுங்கள். முன்பு இடக்காலை நெருங்கிய ரிம் இப்போதும் இடக்காலையே நெருங்கினால் ஃபோர்க் வளைந்தது. வலக்காலை நெருங்கினால் சில்லில்தான் கோளாறு. அதைக் கம்பி இறுக்கிச் சரிசெய்யலாம். டிஸ்க் பிறேக் சில்லைத் திருப்பிப் போட முடியாவிட்டால், நேரானது என்று தெரிந்த வேறொரு சில்லை வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

“தம்பி, கொஞ்சம் வளைஞ்சிருக்கு, நிமித்தித் தாறன்” என்று கடைக்காரர் சொல்லுவார். ஃபிரேமில் அதற்குச் சில சமயம் சம்மதிக்கலாம். ஃபோர்க்கில் நான் சம்மதிக்க மாட்டேன். ஃபிரேமோடு ஒப்பிட்டால் ஃபோர்க்குக்குச் செலவு சிறிது, ஓடிக்கொண்டிருக்கும்போது அது முறிந்தால் தப்புவதற்கு வழியே இல்லை. “அண்ணே, வேற ஒண்டு போடுங்கோ” என்று சொல்லிவிடுங்கள். அலுமினிய ஹாண்டிலும் வளைந்தால் அப்படித்தான், நிமிர்த்தாமல் மாற்ற வேண்டும்.

பின்பக்கம்: ஒரு நூலும் ஒரு அடிமட்டமும்

பின் அச்சுத் தகடு ஒன்றில் நூலைக் கட்டி, கழுத்தை முன்னால் சுற்றிக் கொண்டுவந்து, மற்றப் பக்கத் தகட்டில் அதே இடத்தில் இழுத்துக் கட்டுங்கள். நூல் விறைப்பாக இருக்க வேண்டும். இப்போது சீற் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். சமமாக இருந்தால் பின்பக்கம் நேர். 1, 2 மில்லிமீட்டர் வித்தியாசம் புதுச் சைக்கிளிலும் இருக்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். 4, 5 என்று போனால் பின்பக்கம் திரும்பியிருக்கிறது.

பின்சில்லைக் கழற்றித் திரும்பப் போடும்போது கையின் உணர்வையும் கவனியுங்கள். கால்களை விரித்தோ நெருக்கியோ திணிக்க வேண்டியிருந்தால் தகடுகளின் இடைவெளி மாறிவிட்டது. அச்சின் இரண்டு உள்நட்டுகளின் வெளிமுகங்களுக்கும் இடையிலான அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கியர் சைக்கிளில் பின் கியர் தொங்கும் சிறு தகட்டுக்கு ஹாங்கர் என்று பெயர். அலுமினியம், கார்பன் ஃபிரேம்களில் ஃபிரேமைக் காப்பாற்றத் தான் வளையும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். வலப்பக்கம் விழுந்தால் அது உள்ளே மடியும். சைக்கிளின் பின்னால் குந்தியிருந்து பாருங்கள். கியரின் இரண்டு சிறு பற்சில்லுகளும் மேலே உள்ள பற்சில்லுக்கு நேர் கீழே, ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். கீழ்ச்சில்லு உள்ளே சாய்ந்திருக்கும்போது ஆகப்பெரிய பற்சில்லுக்கு மாற்றினால், கியர் போய்க் கம்பிகளுக்குள் மாட்டும். சில்லு அப்படியே நின்றுவிடும். கியர், சில்லு, சில சமயம் ஃபிரேமின் தகடும் ஒன்றாகப் போய்விடும். ஹாங்கர் மொடலுக்கு மொடல் மாறுவதால், பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

உப்பு

கடல் மூன்று பக்கமும் சூழ்ந்த ஊரில் விழுந்த அடியை மட்டும் பார்த்தால் போதாது. வருடக்கணக்காக உப்புக் காற்றில் நின்ற இரும்புக் குழாய் உள்ளிருந்து அரித்திருக்கும். விழுந்த அடி அதை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். மீன் பெட்டி கட்டி ஓடிய சைக்கிளில் ஐஸ் தண்ணீர் வடிந்த பாதையெல்லாம் இந்தக் கதைதான். சீற் தண்டைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்தால் சில சைக்கிள்களிலிருந்து துருத் தண்ணீரே ஊற்றும். ஃபோன் டோர்ச்சைக் குழாய்க்குள் அடித்துப் பாருங்கள். பி.பி. கூட்டின் பக்கத்திலும் அடிக்கால்களிலும் பெயின்ற் கொப்பளித்திருக்கும் இடத்தில் ஸ்க்ரூட்ரைவர் நுனியை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தக் குழாயில் உலோகமே மிச்சமில்லை.

ஓடிப் பார்ப்பது

இதுவரை எந்தச் சோதனையிலும் கோளாறு தெரியாவிட்டால் மட்டும் ஏறுங்கள், அதுவும் வாகனம் இல்லாத ஒழுங்கையில். சீமெந்துத் தரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அதன் நடுவால் மெதுவாக நேரே ஓடி, பின்னால் விழுந்த தடத்தைப் பாருங்கள். முன்சில்லின் தடத்தின் மேலேயே பின்சில்லின் தடம் விழ வேண்டும். இரண்டும் தள்ளித் தள்ளி விழுந்தால் ஃபிரேமோ ஃபோர்க்கோ நேரில்லை. கடற்கரை ஈர மணலில் இதைவிடத் தெளிவாகத் தெரியும், ஆனால் செயினுக்குள் உப்பு மணல் போகும், வேண்டாம். வழக்கமாகக் கைவிட்டு ஓடக்கூடியவர் என்றால், சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதையும் அப்போது கவனிக்கலாம். புதிதாக ‘கிறீச்’ என்றோ ‘டிக்’ என்றோ சத்தம் வந்தால் அது பெடலிலா, சீற்றிலா, கழுத்திலா என்று ஒவ்வொன்றாக விலக்கிக் கண்டுபிடியுங்கள்.

சந்தேகமான கோடு ஒன்றிருந்து, மண்ணெண்ணெய்ச் சோதனையிலும் ஒன்றும் காட்டாவிட்டால், அதன் இரண்டு முனைகளிலும் மார்க்கரால் சிறு புள்ளி வைத்துத் திகதியையும் எழுதிவிடுங்கள். ஒரு வாரம் ஓடிவிட்டுப் பாருங்கள். கோடு புள்ளியைத் தாண்டியிருந்தால் அது வெடிப்புத்தான்.

திருத்தலாமா, தூக்கிப் போடவா?

இரும்பு ஃபிரேமின் பின்பக்கம் சில மில்லிமீட்டர் திரும்பியிருந்தால், சூடு காட்டாமல் நிமிர்த்தலாம். ‘காஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்துவோம்’ என்றால் சைக்கிளைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். இரும்பில் மூட்டு விட்டிருந்தால், கேற் ஒட்டும் ஆர்க் வெல்டிங்கை விடப் பித்தளை ஒட்டுத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. சைக்கிள் குழாயின் சுவர் மெல்லியது, ஆர்க்கில் சுலபமாக ஓட்டை விழும். பழைய வீட்டுச் சைக்கிள்களின் மூட்டுகளைத் தொழிற்சாலையிலேயே பித்தளையால்தான் ஒட்டினார்கள். அலுமினியத்தை ஆர்கன் வைத்து ஒட்டலாம், ஆனால் முதலில் செய்த சூட்டுப் பதம் ஒட்டிய இடத்தில் போய்விடும். வெடித்த அலுமினிய ஃபிரேமுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பேன்.

தூக்கிப் போடுவது என்று முடிவெடுத்தால், சில்லு, பெடல், சீற், செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரேமைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கும் முன் கழுத்துக்குப் பக்கத்தில் மேல்பாரையும் சாய்பாரையும் வாளால் அறுத்துவிடுங்கள். அறுக்காத ஃபிரேம் உருக்கப் போகாமல், புட்டி அப்பி, பெயின்ற் அடித்து, இன்னொரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு விலைபோய்விடும்.